அக்னி நட்சத்திரத்தில் புல் விதைப்பவன்

மே மாதத்தில் புல் விதைக்கிறவனைக் கோவில்பட்டியில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். இங்கே சோளமும் உளுந்தும் பருத்தியும் புரட்டாசி பிறந்து மேகம் கூடினால்தான் காட்டுக்குள் இறங்கும். கத்திரி வெயிலில் விதைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவன் போனால், டீக்கடை பெஞ்சில் இருக்கிறவர்கள் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் பேசிக்கொள்வார்கள். கல்யாண மண்டபம், பள்ளிக்கூட மைதானம், மில் விருந்தினர் விடுதி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் லான் போட்டும், போட்டதைப் பராமரித்தும் பிழைக்கிறவன் நான். வேலையில் பாதி, மொட்டை விழுந்த லானில் திரும்பப் புல் ஏற்றுவது. அதைச் சித்திரையில்தான் செய்கிறேன்.

காரணம் எளிது. அருகு வெயில் காலத்துப் புல். சோளம், கம்பு, கரும்பு எல்லாம் எந்த விதமாக வெயிலைத் தின்று வளர்கின்றனவோ அதே விதந்தான் இதுவும். மண்ணின் சூடு 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குள் நிற்கும்போது அதன் விதை வேகமாக முளைக்கும். 18-க்குக் கீழே போனால் அப்படியே கிடக்கும். நம் ஊரில் மண் அவ்வளவு குளிர்வதே இல்லை. ஆகவே முளைப்பதற்கு எந்த மாதமும் சரிதான். ஆனாலும் மழைக்காலத்தில் விதைத்தால் கரிசல் சேறாகிக் காலை விடாது, சாரணையும் கோரையும் அருகுக்கு முன்னால் தலை தூக்கிவிடும், மேகமூட்டத்தில் பிஞ்சுப் புல் நோஞ்சானாக நிற்கும். விதைப் பொட்டலங்களின் முதுகில் இலையுதிர் காலத்தில் விதைக்கச் சொல்லி அச்சடித்திருப்பார்கள். அது குளிர்நாட்டுப் புல்லுக்குச் சொன்னது. ஊட்டிப் பூங்காக்களில் கிக்குயு புல் செழித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் குளிர்ச்சியை லாரியில் ஏற்றி வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

வெயிலை எல்லாரும் குற்றம் சொல்வார்கள். என் கணக்கில் புதுப் புல்லுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி மேல்காற்று. வைகாசி கடைசியில் கிளம்பி, ஆனி, ஆடி இரண்டு மாதமும் மேற்கேயிருந்து அடிக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கிவருகிற இந்தக் காற்றை நம்பித்தான் கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பது இங்கே பேச்சுக்குச் சொல்வதில்லை. மண்ணின் மேல் அரை அங்குலத்துக்குக் காலையில் கொடுத்த ஈரத்தை அந்தக் காற்று பத்து மணிக்குள் உறிஞ்சிவிடும். அருகு விதை கிடப்பது அந்த அரை அங்குலத்துக்குள்தான். சித்திரை வெயிலில் மூன்று தடவை தெளித்தால் போதுகிற இடத்துக்கு ஆடியில் ஆறு தடவை தெளித்தாலும் முளை கருகும். ஆகவே வைகாசி முடிவதற்குள் புல் மண்ணைப் பிடித்திருக்க வேண்டும். பின்னாலிருந்து நாளை எண்ணிக்கொண்டு வந்தால், சித்திரை கடைசி வாரத்தில் விதை விழ வேண்டியிருக்கிறது.

இது பள்ளிக்கூடங்களுக்கு நன்றாகப் பொருந்திவிடுகிறது. பரீட்சை முடிந்து பிள்ளைகள் போன பிறகு மைதானம் சும்மா கிடக்கும். கோல் கம்பத்துக்கு முன்னால், கிரிக்கெட் ஆடுகிற இடத்தைச் சுற்றி, பிரேயருக்கு வரிசையாக நிற்கிற இடத்தில் என்று மொட்டை எங்கெங்கே என்பது எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி. ஜூனில் மணி அடிப்பதற்குள் புல் படர்ந்துவிடும்.

மொட்டையைப் பார்த்தவுடன் விதையைத் தூவிவிடக் கூடாது. கரிசலில் முதலில் வெடிப்பைப் பார்க்க வேண்டும். கோடையில் இந்த மண் சுருங்கிப் பாளம் பாளமாகப் பிளக்கும். கை நுழைகிற அகலத்தில், ஓர் ஆள் இடுப்பளவு ஆழத்துக்கும் போகும். பழைய புல்லின் வேர் அந்த இடத்தில் அறுந்து தொங்கும். தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு வழியாகக் கீழே போய்விடும். மேலே இருக்கிற விதைக்கு ஒரு சொட்டும் நிற்காது. பார்த்தவுடன் எல்லாருக்கும் தோன்றுவது, வெடிப்பில் மணலைக் கொட்டி மூடுவது. கொட்டினால் மழைக்காலத்தில் மண் உப்பும்போது அதற்கு இடம் இல்லாமல் மேலே புடைத்துக்கொண்டு வரும். அடுத்த வருஷம் அந்த மைதானத்தில் பந்து எங்கே குதிக்கும் என்று அடிக்கிறவனுக்கே தெரியாது. நான் இராத்திரியில் தண்ணீரை மெல்லக் கசியவிட்டு, மண் தானாக உப்பி வெடிப்பு வாய் மூடும்வரை காத்திருப்பேன். இந்தக் காத்திருப்புக்குச் சம்பளம் கேட்டால்தான் யாரும் தரமாட்டேன் என்கிறார்கள்.

வாய் மூடியபின் மேலே ஒரு போர்வை மண். கரிசலோடு கொஞ்சம் மணலைக் கலந்தால் இறுகிச் செங்கல் ஆகிவிடும். கலப்பதாக இருந்தால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும், அதற்குக் காசு கட்டாது. அதனால் கலக்காமல், செவல் மண்ணும் மக்கின தொழுஉரமும் கொஞ்சம் மணலும் சேர்த்து இரண்டு அங்குலம் பரப்புகிறேன். கரிசல் விதையை மூடிப் பொருக்குத் தட்டும். காய்ந்தால் அந்தப் பொருக்கு ஓடு மாதிரி ஆகி, ஊசி போல வருகிற முளை அதை உடைக்க முடியாமல் அடியிலேயே மஞ்சளித்துச் சாகும். செவல் அப்படிப் பண்ணாது. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் இப்போது எம்-சாண்ட்தான். அதிலிருக்கிற தூசியைச் சலித்து எடுக்காவிட்டால் அதுவும் இறுகும்.

அருகு விதை ரொம்பப் பொடி. ஒரு கிலோவில் சுமார் 40 லட்சம் விதை இருக்கும். ஒரு சென்ட் மொட்டைக்குக் கால் கிலோவுக்கு மேல் தேவைப்படாது. வெறும் கையால் அள்ளி வீசினால் ஓரிடத்தில் குவியும், இன்னோரிடத்தில் விழவே விழாது. நாலு பங்கு மணலோடு புரட்டி, பாதியைத் தெற்கு வடக்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் நடந்து தூவ வேண்டும். பிறகு இரும்பு ரேக்கின் முதுகால் இழுத்துவிட்டால் போதும். கால் அங்குலத்துக்குக் கீழே போன விதை மேலே வராது. கடைசியில் தண்ணீர் நிரப்பிய டிரம்மை ஒரு தடவை உருட்டிவிட்டால் விதை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

உமி நீக்கிய விதை ஒரு வாரம் பத்து நாளில் தலை காட்டும். உமியோடு இருப்பது இன்னும் தாமதிக்கும். கோடைக்கு உமி நீக்கியதையே வாங்குவேன், தண்ணீர்ச் செலவு நாள்கணக்கில் குறைகிறது. கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றியுள்ள மானாவாரி விவசாயிகளுக்கு விதையைக் கடினப்படுத்துவது புதிதல்ல. சோள விதையை மருந்துக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் பழையபடி உலர்த்தி, மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் புல் விதையையும் ஓர் இராத்திரி வெறும் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் வடித்து, மணலோடு நிழலில் புரட்டித் தூவுகிறேன். இரண்டு மூன்று நாள் முந்தி முளைக்கிறது என்பது என் அனுபவம்.

தூவிய கையோடு மூடாக்கு. நடுப்பகலில் வெறும் கரிசலின் மேல்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். விதைக்குப் பிடித்தது இளஞ்சூடு, வறுபடுவது இல்லை. வைக்கோலை மண் பாதி தெரிகிற அளவுக்கு மெலிசாகப் போட வேண்டும். கனமாகப் போட்டால் முளை வெளிறும். சோளத்தட்டை காற்றுக்கு நிற்கும், ஆனால் மாட்டை இழுத்துவரும். நிழல்வலை கட்டினால் எல்லாவற்றையும்விட நல்லது, சிட்டும் சில்லையும் தவிட்டுப்புறாவும் கிட்ட வராது. எறும்புக்கு மட்டும் வலை கிடையாது. கரிசல் ஓரங்களில் ஒரு வகை எறும்பு இந்த விதையை வரிசை கட்டித் தூக்கிப்போகும். காலையில் புற்று வாசலில் சிந்திக் கிடப்பதைப் பார்த்து, என் விதை எவ்வளவு போயிற்று என்று மதிப்புப் போடலாம். ஓரத்தில் சாம்பலைக் கோடு போட்டுப் பார்ப்பேன். தடுக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

இனி தண்ணீர். இந்தத் தொழிலில் எனக்குக் கூச்சம் வருகிற இடம் அதுதான். இந்த ஊர் குடிப்பது தாமிரபரணித் தண்ணீர். சீவலப்பேரியிலிருந்து குழாயில் வர வேண்டும். குடம் வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் எல்லாரும். அப்படிப்பட்ட ஊரில் புல்லுக்கு நல்ல தண்ணீர் விடுகிறவனைத் தெருவில் போகிற அக்காமார் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். "தம்பி, எங்களுக்கு ஒரு குடம் பிடிச்சிக்கிடட்டா?" என்று கேட்டு, கேட்டவுடன் பிடித்துக்கொண்டும் போவார்கள். நான் குழாயைத் திருப்பிவிடுவேன்.

கணக்கு இதுதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். சித்திரையில் லான் ஒரு நாளைக்கு நாலைந்து மில்லிமீட்டர் குடிக்கும். பத்து சென்ட் என்பது 400 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக நாளொன்றுக்கு 2,000 லிட்டர். 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் இரண்டரை நாளைக்கு வரும். முளைக்கிற காலத்தில் ஒரே தடவையாக ஊற்றாமல் அதே அளவைப் பிரித்துப் பூவாளியாலோ, பொடியாகத் தெளிக்கிற ஸ்பிரிங்ளராலோ விட வேண்டும். அடித்து ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஓடி, அங்கே மட்டும் அடர்ந்து முளைத்து, நடுவில் மொட்டை அப்படியே இருக்கும். முளைத்து இரண்டு இலை வந்தபின் தடவையைக் குறைத்து அளவைக் கூட்டினால்தான் வேர் கீழே தேடிப் போகும்.

போர் தண்ணீர் இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலும் உப்புத் தண்ணீர். வளர்ந்த அருகு உப்பை நன்றாகத் தாங்கும்; முளை தாங்காது. நுனி வெளுத்து, மண்மேல் வெள்ளை பூத்து, கரிசலின் துவாரங்கள் அடைத்துக்கொள்ளும். ஆகவே முதல் இரண்டு மூன்று வாரம் நல்ல தண்ணீர் வாங்கச் சொல்வேன்; பிறகு பாதிப் பாதி; வேர் இறங்கினபின் முழுக்க உப்புத் தண்ணீர், நடுநடுவே ஜிப்சம். மண்டபங்களில் பந்தி முடிந்து கை கழுவுகிற தண்ணீரை மணல் வழியாக வடித்துவிட்டால் புல் மறுப்பதில்லை. ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவுத் தண்ணீரை மட்டும் திருப்பிவிடக் கூடாது. உப்பு எல்லாம் அதில்தான் சேர்கிறது.

இந்த ஊர் ஹாக்கி ஊர் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1975-இல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பை வாங்கியது புல்தரையில். அடுத்த வருஷம் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆட்டம் செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. இங்கே பிள்ளைகள் நெடுங்காலம் கட்டாந்தரையில் கட்டையைப் பிடித்துப் பழகி, இப்போது கிருஷ்ணா நகரில் நீலத் தரையில் ஆடுகிறார்கள். செயற்கைத் தரை வந்தபின் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு பி.டி. சார் என்னிடம் வாதாடினார். பெரிய ஆட்டங்களுக்கு அந்தத் தரையையும் நனைத்துத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள், தண்ணீர் இல்லாத தரைக்கு உலகச் சம்மேளனமே வழி தேடுகிறது என்றேன். "அப்போ ஒம்ம பொழப்புக்கு ஒண்ணும் கொறவில்ல" என்று சிரித்தார்.

விதையைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டேன். என் மனசில் கரிசலுக்கு விதையைவிட நாற்றுதான் முதல். கடையில் விலை அதிகமான கலப்பின அருகுக்கு விதையே கட்டாது. கணுத்துண்டாகத்தான் வைக்க வேண்டும். எங்கப்பா அருகு வெட்டுக்குப் போனவர். கரிசல் சம்சாரிக்கு அருகைப்போல எதிரி கிடையாது. அடியில் கொடி விட்டுப் போய், உழுதால் துண்டாகி, துண்டெல்லாம் செடியாகும். அறுப்பு முடிந்து கோடையில் மண்வெட்டியும் கடப்பாறையுமாக ஆழத் தோண்டிப் பாளத்தைப் புரட்டிப்போட்டு, வேரை வெயிலில் காயவிடுவார்கள். "ஒரு கணு தப்பினாலும் காடு போச்சு" என்பார் அப்பா. அவர் வெட்டி எறிந்ததை நான் காசு வாங்கிக்கொண்டு நடுகிறேன் என்று கடைசிவரைக்கும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருமுறை மண்டபத்துக்கு வந்து லானைப் பார்த்துவிட்டு, குனிந்து ஒரு கொடியை இழுத்துப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை, பந்திக்குப் போய்விட்டார்.

அவர் சொன்ன கணுதான் என் முதல். இரண்டு மூன்று கணு இருக்கிற மாதிரி விரல் நீளத்துக்குக் கொடியை நறுக்கி, நாலு விரற்கடை இடைவெளியில் குச்சியால் குழி குத்தி வைக்கலாம். மொட்டை பெரிதாக இருந்தால் பூச்சு முறை. நறுக்கிய அருகு, அதே அளவு செவல் மண், அதே அளவு பச்சைச் சாணி, கொஞ்சம் சாம்பல் எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கூழாகப் பிசைந்து, நனைத்த தரைமேல் ஓர் அங்குலக் கனத்துக்கு மெழுகி, மேலே வைக்கோலை விரிக்க வேண்டும். வீட்டு வாசல் மெழுகிப் பழகிய பெண்கள் இந்த வேலையை என்னைவிடச் சுத்தமாகச் செய்வார்கள். சாணி ஈரத்தைப் பிடித்துவைக்கும். கணு எங்கேயும் அடித்துக்கொண்டு போகாது. எறும்புக்குத் தூக்க ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்தில் பச்சை தெரியும். தண்ணீரும் விதைக்கு ஆவதைவிடக் குறைவு. ஆனால் ஆள்கூலி கூடுதல். விதை என்பது கூலியை மிச்சம் பிடித்துத் தண்ணீரில் செலவழிக்கிற வழி. தண்ணீர் இருக்கிற ஊருக்கு அது லாபம்.

புல் இரண்டரை அங்குலம் வந்தபின் முதல் வெட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, கத்தி கூராக இருக்க வேண்டும். அம்மோனியம் சல்பேட்டைக் கொஞ்சமாக, சாயங்காலம், உடனே தண்ணீர் விட்டு. கரிசலில் இலை மஞ்சளித்தால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் கிடைக்காத மஞ்சள்தான். அன்னபேதியைக் கரைத்துத் தெளித்தால் ஒரு வாரத்தில் தெளியும். இவையெல்லாம் யாரும் செய்துவிடக்கூடிய வேலை.

கஷ்டம் மண்டபத்துக்காரர்களோடுதான். பள்ளிக்கூடம் மாதிரி அவர்களுக்குச் சித்திரை காலி இல்லை. சித்திரை, வைகாசி முகூர்த்தம் முடிந்து ஆடி பிறந்தால்தான் மண்டபம் ஓயும். ஆகவே அவர்கள் கேட்பது எப்போதும் ஆடியில்.

"அண்ணாச்சி, ஆடி முழுக்க மண்டபம் சும்மாதான் கெடக்கு. வெதைச்சி விட்டுருங்க. ஆவணி மொத முகூர்த்தத்துக்குப் பச்சையா இருக்கணும்" என்றார் ஒரு முதலாளி.

"ஆடிக்காத்துல வெதை போட்டா, மொதலாளி, அது பக்கத்துக் காட்டுலதான் மொளைக்கும்."

"வைகாசியில லானை மூடிட்டா வரவேற்புக்குப் பந்தல் எங்க போடுறது? ஒரு முகூர்த்தம் போச்சுன்னா நீங்க தருவீகளா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. வரவேற்புப் பந்தலுக்கு வாடகை தருகிறவர்கள் காலடியில் பச்சையைப் பார்த்துத்தான் தருகிறார்கள். அந்தப் பச்சையின்மேல் ஐந்நூறு நாற்காலியைப் போட்டு, ஐஸ்கிரீம் கடையும் ஜெனரேட்டரும் வைத்து, மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு மொட்டை ஏன் விழுந்தது என்று கேட்கிறவர்களும் மண்டபத்துக்காரர்கள்தான். அதற்குப் பதில் சொல்லிப் பிரயோசனமில்லை, பில் எழுதலாம்.

கடைசியில் இரண்டு பேரும் இறங்கிவந்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். மேடைக்கு முன்னால் இருக்கிற பாதியைச் சித்திரையில் கயிறு கட்டி மூடி விதைப்பது. பந்தலைப் பின்பக்கம் தள்ளுவது. பின்பக்கப் பாதியை ஆடியில் எடுப்பது, ஆனால் விதை இல்லாமல் பூச்சு. மேற்கு ஓரம் முழுக்க ஆள் உயரத்துக்கு நிழல்வலையைக் காற்றுத் தடுப்பாகக் கட்டிக்கொடுப்பது அவர் செலவு. மெழுகுகிற பெண்களின் கூலியில் அவர் கொஞ்சம் பேரம் பேசினார், நான் இறங்கவில்லை. நல்ல தண்ணீருக்குத் தொட்டி ஒன்று கட்டிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். கட்டிவிட்டால் முன்பக்கத்துக்கு விதை. கட்டாவிட்டால் அங்கேயும் சாணியும் கணுவுந்தான், அதற்கு வேண்டிய கொடியைப் பழைய லானின் ஓரத்திலிருந்து இப்போதே எடுத்துப் பதியம் போட்டு வைத்திருக்கிறேன்.